என்ஜின் அடம்பிடித்தால், ரேடியோ இரைந்தால்: அறிகுறியை வைத்துப் பழுதைத் தேடும் வழி

கயிறு இழுத்து ஓட்டும் சிறிய என்ஜினையும் ரேடியோவையும் ஒரே மேசையில் போட்டுப் பிரித்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். பார்ப்பவர்களுக்கு இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பழுது தேடும் முறை இரண்டிலும் ஒன்றுதான். என்ஜினில் பெட்ரோல், தீப்பொறி, கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை அமுக்கும் அழுத்தம்) மூன்றும் சரியான நேரத்தில் வந்து சேர வேண்டும். ரேடியோவில் ஆன்டெனாவில் நுழைந்த அலை ஒவ்வொரு கட்டமாகத் தாண்டி ஸ்பீக்கருக்கு வர வேண்டும். இந்த வரிசையின் நடுவில் ஒரு சோதனையைப் போட்டு, கோளாறு அதற்கு முன்னாலா பின்னாலா என்று முடிவு செய்துவிட்டால் பாதி வேலை குறைந்துவிடும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் அப்படி ஒரு சோதனையைத்தான் முதலில் சொல்லப் பார்த்திருக்கிறேன். சாமான் மாற்றுவதெல்லாம் அப்புறம்.

சில விஷயங்களில் மட்டும் சமரசமே கிடையாது. என்ஜினை மூடிய இடத்தில் ஓட்டக் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தெரிவதற்குள் மயக்கம் வந்துவிடும். பிளேடு, ஃபிளைவீல் பக்கம் கை வைக்கும் முன் ஸ்பார்க் பிளக்கின் கேப்பைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள். கரண்டில் ஓடும் வால்வு ரேடியோவில் (கண்ணாடிக் குழல் வால்வுகள் உள்ள பழைய ரேடியோ) 200, 300 வோல்ட் சாதாரணம். சுவிட்சை அணைத்த பிறகும் அது கண்டன்சர்களில் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே தொட வேண்டும்.

கயிறு இழுத்தும் உயிரே வரவில்லை

முதலில் ஆறேழு முறை இழுத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது. தீப்பொறியோ கம்ப்ரஷனோதான் சந்தேகம். கருவி எதுவும் வேண்டாத சோதனை இது. இதைச் செய்யாமல் நேராகக் கார்புரேட்டரைப் பிரிக்கப் போவதுதான் பலர் வழக்கம்.

உலர்ந்திருந்தால்: பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, காற்றைக் குறைக்கும் சோக் உண்மையிலேயே மூடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். லிவர் நகர்ந்து உள்ளே தகடு நகராமல் இருப்பதும் உண்டு. அடுத்து, கார்புரேட்டரின் அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைத் தளர்த்துங்கள். பெட்ரோல் தாராளமாக ஓடினால் டாங்க், குழாய், பெட்ரோல் வரவை மூடித் திறக்கும் ஃப்ளோட் ஊசி எல்லாம் சரி, அடைப்பு பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையான ஜெட்டில். ஓடாவிட்டால் அடைப்பு மேலே. இந்த ஒரு போல்ட் எரிபொருள் பாதையை இரண்டாக வெட்டித் தந்துவிடுகிறது.

நனைந்திருந்தால்: கழற்றிய பிளக்கைத் துடைத்து, கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பை என்ஜினின் வெறும் உலோகத்தில் அழுத்திக்கொண்டு கயிற்றை இழுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி, இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீச்சும். நீல நிறப் பொறி பளிச்சென்று வந்தால் சரி. வராவிட்டால் முதலில் வேறு பிளக்கைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலிலிருந்து ஸ்டாப் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய வயரைக் காயில் பக்கத்தில் கழற்றிவிட்டு மறுபடி இழுங்கள். இப்போது பொறி வந்தால் காயில் நல்லது. சுவிட்சிலோ வயரிலோ எங்கோ என்ஜின் உலோகத்தில் பட்டு எர்த் ஆகிறது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்கள் பலவற்றில் ஆயில் குறைந்தால் இதே வயரை எர்த் செய்து நிறுத்தும் சென்சார் ஒன்று உண்டு. ஆயில் அளவைப் பார்க்காமல் காயில் வாங்கியவர்கள் ஏராளம்.

வயரைக் கழற்றியும் பொறி இல்லை என்றால் காயிலுக்கும் ஃபிளைவீல் காந்தத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். பெரும்பாலான என்ஜின்களில் அது 0.25 முதல் 0.4 மி.மீ. வரை, சற்றுத் தடித்த விசிட்டிங் கார்டை நடுவில் வைத்துக் காயிலைக் காந்தம் இழுக்கவிட்டு முறுக்கினால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். காந்தத்தின் முகத்தில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இதையும் தாண்டிப் பொறி வராவிட்டால்தான் காயில் போயிருக்கிறது.

பொறியும் வருகிறது, பெட்ரோலும் வருகிறது, கம்ப்ரஷனும் கைக்குத் தெரிகிறது, ஆனாலும் ஓடவில்லை. அல்லது பட்டென்று வெடித்துக் கயிற்றைத் திருப்பி இழுக்கிறது. இந்த நிலைக்கு வந்தவர்கள் ஃபிளைவீல் சாவியை நினைக்க வேண்டும். ஃபிளைவீலைக் கிராங்க் தண்டில் சரியான கோணத்தில் நிறுத்தும் சிறிய உலோகத் துண்டு அது. புல் வெட்டும் பிளேடு கல்லிலோ வேரிலோ மோதினால் அது அறுந்து, ஃபிளைவீல் கொஞ்சம் நகர்ந்துவிடும். பொறி தப்பான நேரத்தில் விழும். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும், என்ஜின் முரண்டு பிடிக்கும்.

கயிற்றைக் கை உணர்வது

கயிறு எந்தத் தடையும் இல்லாமல் சும்மா வந்தால் கம்ப்ரஷன் போயிருக்கிறது: வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது வால்வு இடைவெளி பூஜ்ஜியமாகியிருக்கலாம். மேல் வால்வு என்ஜின்களில் என்ஜின் ஆறிய நிலையில் இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. என்பது பரவலான அளவு. உங்கள் என்ஜினுக்கான கையேட்டில் உள்ளதே கடைசி வார்த்தை. கம்ப்ரஷன் மீட்டரை இங்கே அதிகம் நம்ப வேண்டாம். எளிதாக இழுப்பதற்காக எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிவிடும் அமைப்பு பல என்ஜின்களில் இருப்பதால், நல்ல என்ஜினும் குறைவாகத்தான் காட்டும்.

இதே அமைப்புதான் எதிர்மாறான அறிகுறிக்கும் காரணம். கயிறு ஓர் இடத்தில் மட்டும் முட்டிக்கொண்டு நின்றால், வால்வு இடைவெளி கூடிப்போய், அந்த அமைப்பு வால்வைத் தூக்க முடியாமல் கிடக்கிறது. ஸ்டார்ட்டரை மாற்றி ஒன்றும் ஆகாது. இடைவெளியைச் சரி செய்தால் கயிறு இளகிவிடும்.

கயிறு அசையவே இல்லை என்றால் பலவந்தம் செய்யாதீர்கள். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு ஏறி, பெட்ரோல் வாடை வந்தால், ஃப்ளோட் ஊசி மூடாமல் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி நிரம்பியிருக்கிறது. திரவத்தைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. பிளக்கைக் கழற்றி, கேப்பை எர்த் செய்துவிட்டு, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில் மெதுவாக இழுத்து வெளியேற்றுங்கள். ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது. ஊசியைச் சரி செய்யாமல் டேப்பையும் திறக்கக் கூடாது.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் நின்றுவிடுகிறது

எவ்வளவு நேரம் ஓடி நிற்கிறது என்பதுதான் இங்கே துப்பு.

இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றால், அல்லது சோக் போட்டால் மட்டும் ஓடினால், கலவையில் பெட்ரோல் போதவில்லை. மாதக்கணக்கில் கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் வார்னிஷ் மாதிரிப் படிந்து சின்ன ஓட்டைகளை அடைத்துவிடுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடியோ நீர்த்துளியோ தெரிந்தால் அதன் வேலைதான். மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும். அதற்கு மேலே இருக்கும் குழலின் பக்கவாட்டுத் துளைகளைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டரை விடவும் சிறியது. ஊக்கு, குண்டூசி எதுவும் விடாதீர்கள். பித்தளை எளிதில் விரிந்துவிடும், அப்புறம் அந்த ஜெட் ஜெட்டாக இருக்காது. வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழை, கார்புரேட்டர் கிளீனர், அழுத்தக் காற்று, இவை போதும். கிளீனரை அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துளையில் அடித்தால் எந்தத் துளை வழியாக முகத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது.

பத்து, இருபது நிமிடம் நன்றாக ஓடி, மூச்சு வாங்குவது போல இழுத்துக்கொண்டு நின்றால், டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்ற சத்தம் வந்து, உடனே மறுபடி ஸ்டார்ட் ஆனால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டாங்கில் வெற்றிடம் உண்டாகி, மேற்கொண்டு இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மூடியைக் கழுவினால் தீர்ந்தது.

மூடியைத் திறந்தும் பலனில்லை, அரை மணி ஆறவிட்டால் மட்டும் ஓடுகிறது என்றால் காயில்மேல் சந்தேகம். சூட்டில் உள்ளே கம்பி விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். இதைப் பிடிக்க ஒரே வழி, நின்ற அந்த நிமிடமே பொறி இருக்கிறதா என்று பார்ப்பது. ஆறிய பிறகு எத்தனை முறை மீட்டர் வைத்தாலும் காயில் நல்லபிள்ளையாகவே காட்டும். சூட்டில் பொறி இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளிக்குத் திரும்புங்கள். தண்டு சூட்டில் நீண்டு, வால்வு முழுதாக மூடாமல் நிற்கும்.

சுருதி ஏறி ஏறி இறங்குகிறது

லோடு இல்லாமல் ஓடும்போது வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் பலரும் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங்கில் கை வைப்பார்கள். பொறுங்கள். சோக்கை மெதுவாகப் பாதி மூடுங்கள். ஓட்டம் சமமானால் கவர்னர் குற்றமற்றது. கலவை மெலிந்திருக்கிறது, அதை ஈடுகட்டத்தான் கவர்னர் பாவம் ஓடி ஓடித் திறக்கிறது. பைலட் ஜெட் அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு. கசிவைத் தேட எரியக்கூடிய ஸ்ப்ரேயைச் சூடான சைலன்சர் பக்கத்தில் அடிக்க வேண்டாம். தண்ணீரை மெல்லிய தூறலாக இணைப்பின்மீது தெளித்துப் பாருங்கள், சத்தம் மாறினால் கசிவு அங்கேதான்.

இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் இதே காற்றுக் கசிவு விளையாட்டல்ல. ஆக்சிலேட்டரை விட்டபின்பும் ரேஸ் இறங்காமல் கத்திக்கொண்டே இருந்தால் கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள சீல் போயிருக்கலாம். காற்று கூடினால் பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறைகிறது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். உடனே நிறுத்துங்கள், சுவிட்சுக்கு அடங்காவிட்டால் சோக்கை முழுதாக மூடுங்கள்.

புகையும் திணறலும்

கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம்: ஏர் ஃபில்டர் அடைப்பு, திறக்காத சோக். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. என்ஜினைச் சாய்த்து வைத்திருந்தாலோ ஆயில் அதிகம் ஊற்றியிருந்தாலோ கொஞ்ச நேரத்தில் தானே நின்றுவிடும், நிற்காவிட்டால் ரிங், வால்வு கைடு. இரண்டு ஸ்ட்ரோக்கில் கொஞ்சம் புகை இயல்பு. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி, கண்மதிப்பில் ஊற்றாதீர்கள்.

ஐட்லிங் அருமை, லோடு கொடுத்தால் மட்டும் படுத்துவிடுகிறது என்றால் மெயின் ஜெட்டைப் பாருங்கள். இரண்டு ஸ்ட்ரோக்காக இருந்தால் அதற்கும் முன்னால் சைலன்சரின் வாயில் இருக்கும் கம்பிவலையைக் கழற்றிப் பாருங்கள். கரி அடைத்துப் புகை வெளியேற வழியில்லாத என்ஜின் எப்படி இழுக்கும்?

ஜெனரேட்டர் ஓடுகிறது, கரண்ட் வரவில்லை

என்ஜின் வேலை முடிந்து மீட்டர் வேலை ஆரம்பிக்கும் இடம் இது. லோடு எதையும் மாட்டாமல் அவுட்புட்டில் ஏசி வோல்ட்டை அளந்து பாருங்கள். சில வோல்ட் மட்டும் காட்டினால், சுழலும் பகுதியான ரோட்டரில் ஒட்டியிருக்கும் மிச்சக் காந்தம் உயிரோடு இருக்கிறது, அதைப் பெருக்கும் மின்சாரம்தான் போய்ச் சேரவில்லை: கார்பன் பிரஷ், அதன் வயர், ஏவிஆர் (வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்). பிரஷ் இல்லாத வகையாக இருந்தால் அதன் கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள், வடித்துவிட்டுத் தொடுங்கள். சுத்தமாகப் பூஜ்ஜியம் என்றால் மிச்சக் காந்தம் அழிந்திருக்கிறது, அல்லது அவுட்புட் வயரிங்கே எங்கோ அறுந்திருக்கிறது. பிரஷ் உள்ள மாடலில் ஏவிஆர் வயரைப் பிரஷ்களிலிருந்து பிரித்துவிட்டு, 12 வோல்ட் பேட்டரியைப் பிளஸ், மைனஸ் மாறாமல் பிரஷ்களுக்குச் சில விநாடி கொடுத்தால் காந்தம் திரும்பிவிடும். வெகுநாள் சும்மா கிடந்த ஜெனரேட்டர்களில் இது அடிக்கடி நடப்பது.

வேகமும் முக்கியம். இரண்டு துருவ ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் தர நிமிடத்துக்கு 3000 சுற்று வேண்டும், 60 ஹெர்ட்ஸுக்கு 3600. இன்வெர்ட்டர் வகைக்கு இந்தக் கணக்கு கிடையாது.

என்ஜினை ஓட்டினால் ரேடியோ இரைகிறது

இந்தப் பகுதி எனக்குப் பிடித்தமானது. ஸ்பார்க் பிளக் ஒவ்வொன்றும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி அனுப்பிய சமிக்ஞையும் தீப்பொறியில் பிறந்ததுதான். அவர் வேண்டுமென்று செய்ததை நம் என்ஜின் வேண்டாமல் செய்கிறது.

இரைச்சல் பொறியிலிருந்து வருகிறதா, ஜெனரேட்டர் சுருள், பிரஷ், இன்வெர்ட்டரிலிருந்து வருகிறதா என்று பிரிக்க ஓர் எளிய சோதனை உண்டு. ரேடியோவைப் பேட்டரியில் வைத்து, இரைச்சலைக் கேட்டுக்கொண்டே ஸ்டாப் சுவிட்சைப் போடுங்கள். என்ஜின் சுற்றி ஓய்வதற்கு ஒன்றிரண்டு விநாடி ஆகும். சுவிட்ச் போட்ட கணமே இரைச்சல் அறுந்தால் அது பொறி. சுற்று குறையக் குறைய ஊளை இறங்கி அடங்கினால் அது ஜெனரேட்டர் பக்கம். பொறியின் இரைச்சலைக் காதாலும் அடையாளம் காணலாம்: சிறிய ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்களில் காந்தம் ஒவ்வொரு சுற்றுக்கும் காயிலைத் தாண்டுவதால் சுற்றுக்கு ஒரு பொறி. 3000 சுற்றில் அது விநாடிக்கு 50 ஆகிறது. அதனால்தான் டிர்ர் என்ற அந்தச் சத்தத்தைக் கரண்ட் உறுமல் என்று சிலர் தப்பாக நினைத்து, இல்லாத பழுதை ரேடியோவுக்குள் தேடுகிறார்கள்.

பொறிதான் என்றால், முதலில் பிளக்கின் எண்ணைப் படியுங்கள். ரெசிஸ்டர் உள்ள பிளக்குகளின் எண்ணில் பெரும்பாலும் ஆர் என்ற எழுத்து இருக்கும். உள்ளே 5 கிலோ ஓம் அளவில் ரெசிஸ்டர் ஒன்று உண்டு. அளவு, சூட்டுத் தரம் எல்லாம் பொருந்தியும் அந்த எழுத்து இல்லாத பிளக்கை யாரோ மாட்டியிருந்தால், என்ஜின் குறையில்லாமல் ஓடும், பக்கத்திலுள்ள மீடியம் வேவ் மட்டும் கதறும். அடுத்து, கேப்பில் விரிசல் இருக்கிறதா என்று இருட்டில் ஓட்டிப் பாருங்கள். கசியும் பொறி நீலமாகக் கண்ணுக்கே தெரியும். என்ஜினிலிருந்து கழற்றி எடுத்துவைத்த உலோக மூடிகளைத் துரு நீக்கித் திரும்ப மாட்டுங்கள். அவை அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல.

ஜெனரேட்டர் பக்கம் என்றால், அவுட்புட் கேபிளைப் பெரிய ஃபெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். ஷார்ட் வேவுக்கு 31 என்ற எண்ணுள்ள ஃபெரைட் கலவை நன்றாக வேலை செய்யும். ஒரே சுற்றில் மாட்டும் கிளிப் வளையம் அந்த அலைவரிசைகளில் பெரிதாக எதுவும் செய்யாது. அப்புறம், தூரத்தை விட மலிவான ஃபில்டர் இல்லை. ஆன்டெனாவை நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள்.

என்ஜினை நிறுத்தியும் இரைச்சல் போகாவிட்டால் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். செல்போன் சார்ஜர், எல்இடி விளக்கு இரண்டுமே பேர்போன குற்றவாளிகள்.

ரேடியோவில் சத்தமே இல்லை

பேட்டரி முனைகள் முதலில். அல்கலைன் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து, தண்ணீரில் ஒற்றி, நன்றாக உலரவிடுங்கள். இரண்டாவது சந்தேகம் இயர்போன் ஓட்டைமீது. இயர்போன் மாட்டியதும் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் மெல்லிய தகடு ஒன்று உள்ளே இருக்கிறது; அது கறுத்துப் போனால் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும், ஸ்பீக்கருக்குத்தான் தெரியாது. இயர்போனைப் பத்துமுறை செருகி எடுத்தாலே பல ரேடியோக்கள் பிழைத்துக்கொள்கின்றன.

பிறகு ஸ்பீக்கர் முனைகளில் 1.5 வோல்ட் செல்லை ஒரு கணம் தொடுங்கள். டக் என்றால் ஸ்பீக்கர் நலம். அடுத்து வால்யூம் கன்ட்ரோலின் நடு முனையை, வால்யூமைக் கூட்டி வைத்து, விரல்பட்ட ஸ்க்ரூடிரைவரால் தொடுங்கள். ஸ்பீக்கரில் உறுமல் வந்தால் ஆடியோ பகுதி முழுதும் சரி, பழுது அதற்கு முன்னால். வராவிட்டால் பின்னால். இதுதான் ரேடியோவை நடுவில் வெட்டும் சோதனை. பேட்டரி செட்டில் மட்டும் செய்ய வேண்டியது. கரண்ட் செட்டில் விரலை இப்படி வைக்கக் கூடாது.

இரைச்சல் வருகிறது, நிலையம் எதுவும் வரவில்லை

ஆடியோ நன்றாக இருக்கிறது, ஸ்பீக்கரில் உஸ் என்கிறது, டயலை எங்கே திருப்பினாலும் வெறுமை. இதற்கு ரேடியோவுக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கும் லோக்கல் ஆஸிலேட்டர் நின்றுபோனது முக்கியமான காரணம். ஆஸிலோஸ்கோப் வேண்டாம், நன்றாக ஓடும் இன்னொரு ரேடியோ போதும்.

சாதாரண மீடியம் வேவ் ரேடியோவின் ஆஸிலேட்டர், நீங்கள் கேட்கும் அலைவரிசையை விட 455 கிலோஹெர்ட்ஸ் மேலே ஓடுகிறது. பழுதான ரேடியோவை 900-இல் வைத்தால் அதன் ஆஸிலேட்டர் 1355-இல் இருக்க வேண்டும். நல்ல ரேடியோவைப் பக்கத்தில் ஒட்டி வைத்து, 1355 அருகில் ஏதாவது மெலிதான நிலையத்தில் நிறுத்துங்கள். பழுதான ரேடியோவின் டயலை 900-ஐச் சுற்றி மெதுவாக அசைத்தால், நல்ல ரேடியோவில் விசில் ஏறி இறங்கிக் கேட்கும், அல்லது இரைச்சல் திடீரென அடங்கும். கேட்டால் ஆஸிலேட்டர் உயிரோடு இருக்கிறது; பழுது ஐஎஃப் பகுதியிலோ (அந்த 455 கிலோஹெர்ட்ஸ் வித்தியாச அலையைப் பெருக்கும் கட்டம்) ஆன்டெனாவிலோ. கேட்கவில்லை என்றால் ஆஸிலேட்டர் டிரான்சிஸ்டர், அதன் காயில், டயலோடு திரும்பும் கேங் கண்டன்சரில் தொட்டுக்கொண்ட தகடுகள், இவற்றைப் பாருங்கள். எஃப்எம் பகுதிக்கு இதே வித்தை 10.7 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசத்தில்: 90-இல் வைத்தால் பெரும்பாலும் 100.7-இல் நல்ல ரேடியோ அமைதியாகும்.

ஒரே வேண்டுகோள்: இந்தக் கட்டத்தில் ஐஎஃப் டப்பாக்களின் திருகுகளைத் திருப்பாதீர்கள். அவை தானாக அவ்வளவு தூரம் நகர்வதில்லை. பழுது வேறெங்கோ இருக்க, இவற்றைத் திருகிவிட்டால் ஒன்றுக்கு இரண்டு பழுது. அதன் நடுத்தண்டும் லேசில் உடையும்.

1960-களின் செட்டில் ஏஎஃப் 117 போன்ற, நான்கு கால் கொண்ட ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் இருந்தால் அவற்றை முதலில் சந்தேகப்படலாம். டப்பாவின் உள்ளே தகரம் முடிபோல வளர்ந்து உறுப்புகளைத் தொட்டு ஷார்ட் செய்துவிடும். நான்காவது கால் டப்பாவுக்குரியது. அதை வெட்டிவிட்டால் பலசமயம் செட் பேசும். மாற்று கிடைக்கும்வரை அதுவே வைத்தியம்.

உறுமல்

வால்யூமை முழுதும் குறையுங்கள். உறுமல் அப்படியே இருந்தால் பவர் சப்ளையோ கடைசிக் கட்டமோ. பெரும்பாலும் காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர். கூடவே குறைந்தால் முன்கட்டம், அல்லது எர்த் விட்டுப்போன ஷீல்டு வயர். நிலையம் பிடித்தால் மட்டும் உறுமுகிறது, டயலின் வெற்றிடத்தில் இல்லை என்றால், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் டயோடுகள் ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வைத்துப் பாருங்கள், டயோடின் வோல்ட்டுக்கு ஏற்றதாக.

வருடக்கணக்கில் ஓடாத வால்வு ரேடியோவை நேராகக் கரண்டில் செருக வேண்டாம். பழைய இழை பல்பு ஒன்றைச் சீரிஸில் போட்டுக் கொடுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். கடைசி வால்வின் கிரிட்டுக்குப் போகும் காகிதக் கண்டன்சரைப் பரிசோதிக்காமலே மாற்றிவிடலாம். அது கசிந்தால் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டுகளில் உலோக அடிச்சட்டமான சேசிஸிலேயே கரண்ட் இருக்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைத் திறக்காதீர்கள்.

தட்டினால் பாடுகிறது, மீடியம் வேவ் மட்டும் இல்லை

வால்யூமைத் திருப்பும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இருபது முறை திருப்புங்கள். பேண்ட் சுவிட்சுக்கும் அதே. தட்டினால் பாடும் செட்டில் ஐஸ் குச்சி மாதிரியான மரக்குச்சியால் ஒவ்வோர் உறுப்பாக மெல்ல அசைத்து, கோபப்படும் இடத்தைக் கண்டுபிடித்து மறுபடி சால்டர் வையுங்கள். கனமான உறுப்புகளின் கால்களைச் சுற்றித்தான் வளையமாக விரிசல் விழும்.

எஃப்எம் வருகிறது, மீடியம் வேவ் மட்டும் வரவில்லை என்றால் ஃபெரைட் கம்பியிலிருந்து போர்டுக்கு வரும் முடிபோன்ற வயர்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பேட்டரி மாற்றும்போது விரல் பட்டே அறுந்துவிடும். பல இழை கொண்ட வயராக இருந்தால் எல்லா இழையிலும் ஈயம் பிடிக்க வேண்டும்.

கேட்கிறது, பேசினால் போய்ச் சேரவில்லை

இது உரிமம் வைத்துக்கொண்டு ரேடியோவில் பேசும் அமெச்சூர் நண்பர்களுக்கு. ரிப்பீட்டர் (நம் பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) மட்டும் திறக்கவில்லை என்றால், அதைத் திறக்கும் டோனும், அனுப்பும் அலைவரிசைக்கும் கேட்கும் அலைவரிசைக்கும் உள்ள வித்தியாசமான ஆஃப்செட்டும் சரியா என்று மெனுவில் பாருங்கள். செட்டைத் திறக்க வேண்டியதில்லை. எல்லா இடத்திலும் இதே கதை என்றால் ஆன்டெனாவைக் கழற்றி, அதற்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடு மாட்டி, பவர் மீட்டரைப் பாருங்கள். ஆன்டெனாவும் இல்லாமல் லோடும் இல்லாமல் பட்டனை அமுக்காதீர்கள்.

டம்மி லோடிலும் பவர் இல்லை என்றால், பட்டனை அமுக்கிய நிலையில் செட்டின் பின்பக்கத்திலேயே வோல்ட் அளக்க வேண்டும். 100 வாட் செட் 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஒல்லியான வயரோ கறுத்த ஃபியூஸ் ஹோல்டரோ போதும், வோல்ட் சரிந்து செட் மடங்கிவிடும்.

டம்மி லோடில் முழு பவர் வந்தால் பழுது வெளியே. ஆன்டெனா பக்கத்திலிருந்து பவர் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் 2 என்றால் 11 சதவீதம் திரும்பி வருகிறது, 3 என்றால் 25 சதவீதம். ஆனால் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டினால் மட்டும் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் புகுந்த கேபிள் போகும் பவரையும் தின்றுவிடும், திரும்பும் பவரையும் தின்றுவிடும். மீட்டருக்கு எல்லாம் அருமையாகத் தெரியும். கேபிளின் ஆன்டெனாப் பக்கத்து முனையில் டம்மி லோடையும் மீட்டரையும் வைத்து, செட் பக்கத்தில் அளந்ததோடு ஒப்பிட்டால்தான் உண்மை வெளிவரும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் கனெக்டரை வெட்டி, மேல் உறையைக் கொஞ்ச தூரம் உரித்துப் பாருங்கள். செம்புப் பின்னல் கறுத்திருந்தால் அந்தக் கேபிளைக் காப்பாற்ற முடியாது. புதியதைப் போடும்போது கனெக்டரைத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றி, வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கேபிளைக் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.